பட்டம் பெறுவதற்கான எழுத்துத்திறன் தேர்வு: அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகங்களின் அரை நூற்றாண்டுப் பட்டறிவு

ஆய்வுச் சுருக்கம்

பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர் தெளிவாக எழுதத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்காவின் பொதுப் பல்கலைக்கழகங்கள் பல 1970களில் விதித்தன. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்ற மாணவரும் தனியே நடத்தப்பெறும் எழுத்துத்திறன் தேர்வில் வெற்றி பெற்றால்தான் பட்டம் பெற இயலும் என்ற நிலை இதனால் உருவாயிற்று. இத்தேர்வுகள் தோன்றிய சூழல், நடைபெற்ற முறை, மதிப்பிடப்பெற்ற விதம், மாணவரிடையே விளைந்த தாக்கம், பின்னர் அவை கைவிடப்பட்ட காரணம் ஆகியவற்றைக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துத்திறன் வேண்டும் என்னும் நிபந்தனை வேறு, அதனை ஒரே தேர்வால் அளக்கும் வழக்கம் வேறு என்பதும், முன்னது நிலைபெற்ற இடங்களிலும் பின்னது தளர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: எழுத்துத்திறன் தேர்வு, பட்டத் தகுதி, முழுமைநோக்கு மதிப்பீடு, நம்பகம், ஏற்புடைமை, எழுத்துத் தொகுப்பேடு, எழுத்துச் செறிவுப் பாடம்.

முன்னுரை

பட்டம் பெற்ற ஒருவர் தம் கருத்தை ஒழுங்குபடவும் பிழையின்றியும் எழுத வல்லவராக இருப்பார் என்பது சமூகத்தின் எதிர்பார்ப்பாகும். எனினும், பட்டம் வழங்கப்படும் முறை இந்த எதிர்பார்ப்பை நேரடியாக உறுதி செய்வதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் என்பது பெரும்பாலும் 120 அளவிலான பாடப்புள்ளிகளின் திரட்சியாகும். மாணவர் முதலாம் ஆண்டில் கட்டுரை எழுதும் பயிற்சிக்கான பாடம் ஒன்றனைப் படிக்கிறார். அதன்பின் அவர் தெரிவு செய்யும் பாடங்கள் கொள்குறி வினாக்களாலும் கணக்குகளாலும் மதிப்பிடப்படுவனவாக இருந்தால், ஒரு முழுக் கட்டுரையும் எழுதாமலே எஞ்சிய மூன்றாண்டுகளைக் கடந்துவிட இயலும். அவ்வாறு கடந்து வந்தவரின் எழுத்துத்திறனுக்கு யார் பொறுப்பேற்பது என்னும் வினாவுக்கு விடையாகவே பட்டத்திற்கான எழுத்துத்திறன் தேர்வு எழுந்தது.

அத்தேர்வு, ‘இம்மாணவரால் எழுத முடியுமா?’ என்று கேட்டது. அவ்வாறு கேட்கும்போதே, ‘இப்பல்கலைக்கழகம் இவருக்கு எழுதக் கற்பித்ததா?’ என்னும் மற்றொரு வினாவும் உடன் எழுந்தது. முதல் வினாவுக்கான விடை மாணவரின் மதிப்பெண் பட்டியலில் பதிவாயிற்று. இரண்டாம் வினாவுக்கான விடை எங்கும் பதிவாகவில்லை. இத்தேர்வுகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அடிப்படையாக அமைகிறது.

தேர்வு தோன்றிய சூழல்

எழுத்துத்திறனைத் தேர்வால் அறிய முற்பட்டது இருபதாம் நூற்றாண்டின் புதுமையன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கட்டுரை எழுதுவதைத் தன் நுழைவுத் தேர்வின் பகுதியாக்கியது. எனினும், அது நுழைவாயிலில் நடைபெற்ற தேர்வாகும். நுழையத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டவரை அது வெளியே நிறுத்தியது. படிப்பின் பிற்பகுதியில் நின்று பட்டத்தைத் தடுத்து நிறுத்தும் தேர்வு பரவலாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் பல்கலைக்கழகத்தின் மாணவர் தொகுதியே மாறிவிட்டது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குக் கல்வி உதவி வழங்கிய 1944-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய பிரிவினரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியா 1960-இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டு படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு மாறிவரும் வழியை விரிவாக்கியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், மாணவர் போராட்டங்களைத் தொடர்ந்து, 1970-இல் திறந்த சேர்க்கையை நடைமுறைப்படுத்தியது. நகரின் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் அப்பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்பது அக்கொள்கையின் சாரம்.

நுழைவாயில் அகலத் திறந்தபோது, அதுவரை அங்கே நடைபெற்று வந்த சோதனை படிப்பின் உட்பகுதிக்கு நகர்ந்தது. மாறிவரும் மாணவரின் கட்டுரைப் பயிற்சி வேறொரு கல்லூரியில் முடிந்திருந்தது. அக்கல்லூரி அளித்த மதிப்பெண்ணை முழுமையாக நம்பவோ மறுக்கவோ பல்கலைக்கழகத்தால் இயலவில்லை. தன் சொந்தப் பாடங்களின் மதிப்பெண்கள்மீதும் அதற்கு ஐயம் இருந்தது. பொதுமக்களிடையே நிலவிய கவலையும் இதனுடன் சேர்ந்தது. கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வின் சராசரி மதிப்பெண்கள் 1960களின் நடுப்பகுதியிலிருந்து சரிந்து வந்தன. 1975 டிசம்பரில் நியூஸ்வீக் இதழ், மாணவர்களுக்கு எழுத வரவில்லை என்பதையே முகப்புக் கட்டுரையாக்கியது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியாவில் நிபந்தனை பிறந்தது.

கலிபோர்னியாவின் நிபந்தனை

இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு, பட்டம் பெறும் மாணவர் ஒவ்வொருவரும் எழுத்துத்திறனை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1976-இல் முடிவு செய்தது. இளநிலை மாணவருக்கு மட்டுமன்றி முதுநிலை மாணவருக்கும் இந்நிபந்தனை பொருந்தியது. முதலிரண்டு ஆண்டுகளுக்குரிய பாடப்புள்ளிகளை முடித்தபின், மேல்நிலை ஆண்டுகளில் இதனை நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. முதலாம் ஆண்டில் கற்ற எழுத்துப் பயிற்சி எஞ்சியுள்ளதா, வளர்ந்துள்ளதா என அறிவதே இக்கால வரையறையின் நோக்கம்.

எழுத்துத்திறன் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று மட்டுமே அறங்காவலர் குழு வகுத்தது. மெய்ப்பிக்கும் வழியைத் தெரிவு செய்யும் உரிமை வளாகங்களுக்கு விடப்பட்டது. தேர்வு நடத்தலாம், மேல்நிலைப் பாடம் ஒன்றனை வகுக்கலாம், அல்லது இரண்டையும் இணைக்கலாம். பல வளாகங்கள் தேர்வையே முதன்மை வழியாகக் கொண்டன. ஆயிரக்கணக்கான மாணவருக்குப் பாடம் நடத்த ஆசிரியரும் வகுப்பறையும் வேண்டும். தேர்வுக்கோ ஒரு சனிக்கிழமையும் தேர்வுக் கட்டணமும் பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன. தோல்வியுற்றோரை மட்டும் பாடத்திற்கு அனுப்பினால் செலவு குறைந்தது. ஒவ்வொரு வளாகமும் தன் தேர்வுக்குத் தனிப்பெயரும் தனி விதிகளும் வகுத்துக்கொண்டது. இதனால் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே நிபந்தனை வளாகத்திற்கு வளாகம் வேறுபட்ட பொருளைப் பெற்றது.

ஜார்ஜியா மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களும் 1970களின் தொடக்கத்திலிருந்து படித்தல், எழுதுதல் ஆகிய இரண்டிலும் இத்தகைய தேர்வை நடத்தின. புளோரிடா மாநிலம் 1982 முதல், மாணவர் மூன்றாம் ஆண்டிற்குச் செல்வதற்கு முன் எழுதும் தேர்வை நடைமுறைப்படுத்தியது. ஆகவே, கலிபோர்னியாவின் முடிவு தனித்த நிகழ்வன்று. ஒரு காலகட்டத்தின் பொதுப்போக்கு.

விடைத்தாள் மதிப்பிடப்பெறும் முறை

இத்தேர்வுகளின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுபோல் இருந்தது. பொதுவான பொருள் ஒன்றோ, படித்துக் கருத்துரைக்க வேண்டிய சிறு உரைப்பகுதியோ கொடுக்கப்பட்டது. ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் மாணவர் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1978-இல் தொடங்கிய எழுத்துத் தேர்வில் அளிக்கப்பட்ட நேரம் 50 நிமிடங்களே. இரண்டு தலைப்புகளுள் ஒன்றனைத் தெரிவு செய்து மாணவர் எழுதினார்.

இக்கட்டுரைகளை மதிப்பிடுவதில் இருந்த இடர்ப்பாட்டை ஓர் ஆய்வு முன்பே வெளிப்படுத்தியிருந்தது. கல்வித் தேர்வுப் பணியகத்தைச் சேர்ந்த பால் டைட்ரிக், ஜான் பிரெஞ்சு, சைடல் கார்ல்டன் ஆகியோர் 1961-இல் வெளியிட்ட அவ்வாய்வில், கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகள் 53 பேரிடம் தரப்பட்டன. ஆங்கில ஆசிரியர், சமூக அறிவியலார், இயற்கை அறிவியலார், எழுத்தாளரும் பதிப்பாசிரியரும், வழக்கறிஞர், வணிக நிறுவன நிர்வாகிகள் என அவர்கள் ஆறு துறைகளைச் சேர்ந்தவர்கள். அளவுகோல் எதுவும் தரப்படாமல், கட்டுரைகளை ஒன்பது தரங்களாகப் பிரிக்குமாறு மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்களைப் பெற்றன. எந்தக் கட்டுரையும் ஐந்திற்குக் குறைவான தரங்களைப் பெறவில்லை. சிலர் கருத்தின் வளத்தை நோக்கினர். சிலர் இலக்கணப் பிழைகளை எண்ணினர். சிலர் கருத்துகளின் ஒழுங்கமைப்பையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் நடையின் தனித்தன்மையையும் முதன்மையாகக் கொண்டனர்.

இதற்குத் தீர்வாக வளர்ந்ததே முழுமைநோக்கு மதிப்பீடு. கட்டுரையைக் கூறுகளாகப் பிரித்து எண்ணாமல், ஒரே வாசிப்பில் அதன் முழுத்தன்மைக்கு ஒரு மதிப்பெண் வழங்குவது இம்முறை. பெரும்பாலும் ஆறு நிலைகள் கொண்ட அளவுகோல் பயன்பட்டது. மதிப்பீட்டாளர் அனைவரும் ஓரிடத்தில் கூடுவர். முதலில், ஒவ்வொரு நிலைக்கும் எடுத்துக்காட்டாகத் தெரிவு செய்யப்பட்ட மாதிரி விடைத்தாள்களைப் படிப்பர். தாம் அளித்த மதிப்பெண்ணையும் காரணத்தையும் ஒப்பிட்டு விவாதித்து ஓர் உடன்பாட்டிற்கு வருவர். அதன் பின்னரே உண்மையான விடைத்தாள்கள் கைக்கு வரும். ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே படிப்பர். முதலாமவர் அளித்த மதிப்பெண் இரண்டாமவருக்குத் தெரியாது. தேர்ச்சி குறித்து இருவரும் வேறுபட்டால் மூன்றாமவர் படிப்பார். கலிபோர்னியாவில் இம்முறை வேரூன்றியதில் சான் பெர்னார்டினோ வளாகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் எட்வர்டு ஒயிட்டின் பங்கு பெரிது. 1973-இல் அம்மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆங்கிலச் சமநிலைத் தேர்வை அவர் வழிநடத்தினார்.

இம்முறையின் சிறப்பை அக்காலச் சூழலில் வைத்து நோக்க வேண்டும். அதற்குமுன் எழுத்துத்திறனை அளக்கக் கொள்குறி வினாக்களே பெரிதும் பயன்பட்டன. பிழையான வாக்கியத்தை அடையாளம் காட்டுபவர் எழுத வல்லவர் என அவை கொண்டன. எழுதச் சொல்லித்தான் எழுத்தை அளக்க வேண்டும் என்பதை நிலைநாட்டிய வகையில் கட்டுரைத் தேர்வு ஒரு முன்னேற்றமாகும். ஆங்கில ஆசிரியர் பலர் அதனை வரவேற்றதற்கு இதுவே காரணம்.

நம்பகமும் ஏற்புடைமையும்

ஒரு விடைத்தாளுக்கு வெவ்வேறு மதிப்பீட்டாளர் ஒரே வகையான மதிப்பெண் வழங்குவது நம்பகம். அளக்க விரும்பிய பொருளையே தேர்வு அளப்பது ஏற்புடைமை. மதிப்பீட்டாளருக்குப் பயிற்சி அளித்ததால் நம்பகம் உயர்ந்தது. ஆயினும், ஏற்புடைமை பற்றிய வினா தீரவில்லை.

பல்கலைக்கழக எழுத்தின் இயல்பு என்ன? மாணவர் நூல்களைப் படித்து, குறிப்பெடுத்து, வரைவு எழுதி, ஆசிரியரின் கருத்தைப் பெற்று, திருத்தி மீண்டும் எழுதுகிறார். தேர்வு அறையில் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. முன்பின் அறியாத தலைப்பில், துணைநூல் இன்றி, திருத்தக் காலமின்றி எழுதும் ஒற்றை வரைவே அங்கு மதிப்பிடப்படுகிறது. பொறியியல் மாணவரின் ஆய்வறிக்கையும் வரலாற்று மாணவரின் சான்றாய்வுக் கட்டுரையும் வெவ்வேறு வகை எழுத்துகள். பொதுத்தலைப்பிலான தேர்வு இரண்டையும் காண்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமைப்பாகிய கல்லூரிக் கட்டுரையாக்கக் கருத்தரங்கம் 1995-இல் வெளியிட்ட அறிக்கையும் இதனை வலியுறுத்தியது. ஒருவரின் எழுத்துத்திறனை ஒரே ஓர் எழுத்து மாதிரியைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது என்பது அதன் நிலைப்பாடு.

எல்லைக்கோட்டுச் சிக்கல் இதனினும் கூர்மையானது. ஆறு நிலை அளவுகோலில் முதல்நிலைக்கும் கடைநிலைக்கும் உரிய தாள்கள் சிலவே. நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் தாள்கள் மிகுதியாகக் குவிகின்றன. நியூயார்க் தேர்வில் இரு மதிப்பீட்டாளரின் மதிப்பெண்களையும் கூட்டி 8 பெற்றால் தேர்ச்சி. அதாவது இருவரும் 4 வழங்க வேண்டும். ஒருவர் 3 வழங்கினால் 7 ஆகிவிடும். 3-க்கும் 4-க்கும் இடையிலான வேறுபாடு, பயிற்சி பெற்ற இருவர் நேர்மையாகவே கருத்து வேறுபடக்கூடிய நுண்ணிய வேறுபாடாகும். பாடமொன்றில் இத்தகைய வேறுபாடு மதிப்பெண்ணைச் சற்றே குறைக்கும். இங்கோ அது பட்டத்தையே நிறுத்தியது. அளவுகோலின் துல்லியம் எவ்வளவோ, அதன்மீது ஏற்றப்பட்ட சுமை அதனினும் மிகுதி.

யார் தடுக்கப்பட்டனர்?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்குக் கால எல்லையுள்ள தேர்வு கூடுதல் தடையாக அமைந்தது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களின்முன் வரும் ‘ஏ’, ‘தி’ ஆகிய சொற்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழ், சீனம், கொரியம், ரஷ்யம் ஆகிய மொழிகளில் இவற்றிற்கு நேரான இலக்கணக் கூறு இல்லை. ஆதலின், இம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோர் பல்லாண்டுகள் ஆங்கிலத்தில் படித்து எழுதிய பின்னும் இவற்றில் பிழை செய்வதுண்டு. முன்னிடைச்சொற்களின் ஆட்சியும் அத்தகையதே. வீட்டில் எழுதும்போது இத்தகைய பிழைகளை மீள்பார்வையில் களைய முடிகிறது. தேர்வறையில் மீள்பார்வைக்கு எஞ்சுவது சில நிமிடங்களே. கருத்தும் அமைப்பும் நன்கமைந்த கட்டுரையும் மேற்பரப்புப் பிழைகளால் ஒரு நிலை தாழ்வதற்கு இது வழிவகுத்தது.

பிழைகளுக்குக் காரணம் உண்டு என்பதை மினா ஷானசி விரிவாகக் காட்டினார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சிட்டி கல்லூரியில் அடிப்படை எழுத்துப் பாடத்திட்டத்தை நடத்திய அவர், 1970 முதல் 1974 வரை அங்குச் சேர்ந்த மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 நிலையறி தேர்வுக் கட்டுரைகளை ஆராய்ந்து, பிழைகளும் எதிர்பார்ப்புகளும் பற்றிய தம் நூலை 1977-இல் வெளியிட்டார். மாணவரின் பிழைகள் அறிவின்மையால் தாறுமாறாக எழுந்தவையல்ல. அவற்றிற்கு உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கை ஆசிரியர் அறிந்தால் கற்பிக்க இயலும் என்பது அவர் கண்ட உண்மை. தேர்வுத்தாளைக் கற்பித்தலுக்குரிய சான்றாகப் படிப்பதற்கும், தடுப்பதற்குரிய சான்றாகப் படிப்பதற்கும் உள்ள இடைவெளியை அந்நூல் புலப்படுத்தியது.

அந்த இடைவெளியின் விளைவு இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. பிராங்க்ஸ் பகுதியில் 1968-இல் நிறுவப்பட்ட ஆஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி, ஸ்பானியம் பேசும் மாணவருக்கு இருமொழிக் கல்வி அளிப்பதைத் தன் நோக்கமாகக் கொண்டது. அக்கல்லூரி, பல்கலைக்கழகத்தின் பொது எழுத்துத் தேர்வுக்கு மாற்றாகத் தன் சொந்தத் தேர்வைப் பயன்படுத்தி வந்தது. 1997 மே மாத இறுதியில், பட்டமளிப்பு விழாவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், சமுதாயக் கல்லூரிப் பட்டம் பெறப் பொது எழுத்துத் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என அறங்காவலர் குழு தீர்மானித்தது. பாடங்களை முடித்துவிட்டு விழாவுக்குக் காத்திருந்த மாணவர் பலர் பட்டமின்றி நின்றனர். அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கீழ் நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிப் பல்கலைக்கழகத்தின் நிலையை ஏற்றது.

சட்டத்தின் நோக்கில் கல்வித்தரத்தை வகுக்கும் உரிமை பல்கலைக்கழகத்திற்கு உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது. கல்வியின் நோக்கில் எழும் வினா வேறு. பாடங்களில் தேர்ச்சி வழங்கிய நிறுவனமும் தேர்வில் தோல்வி வழங்கிய நிறுவனமும் ஒன்றே. பாடங்களில் வழங்கிய தேர்ச்சி சரியெனில் தேர்வின் முடிவு ஐயத்திற்குரியது. தேர்வின் முடிவு சரியெனில் பாடங்களில் வழங்கிய தேர்ச்சி ஐயத்திற்குரியது. இரண்டில் எது உண்மையாயினும் விளைவை மாணவர் மட்டுமே ஏற்றார்.

மாற்று வழிகள்

தேர்வின் குறைகளை உணர்ந்த நிறுவனங்கள் இருவகை மாற்றுகளை வளர்த்தன. முதலாவது எழுத்துத் தொகுப்பேடு. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் ஆகிய இருவரும் 1980களில், முதலாண்டு எழுத்துப் பாடத்தில் திறன் தேர்வுக்கு மாற்றாகத் தொகுப்பேட்டை அமைத்தனர். மாணவர் அரையாண்டு முழுவதும் எழுதித் திருத்தியவற்றுள் சிறந்தவற்றைத் தொகுத்து அளிப்பார். அவரை அறியாத வேறோர் ஆசிரியர் அதனைப் படித்துத் தகுதி கூறுவார். தன் மாணவருக்காகப் பரிந்துரைக்கும் ஆசிரியரும், தாளை மட்டுமே காணும் ஆசிரியரும் பேசித் தரத்தை வகுப்பது இம்முறையின் உயிர்நாடி.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் இதனைப் பட்டத் தகுதி அளவிற்கு விரித்தது. படிப்பின் நடுப்பகுதியை அடைந்த மாணவர், வெவ்வேறு பாடங்களுக்காக எழுதி ஆசிரியரின் ஒப்பம் பெற்ற மூன்று கட்டுரைகளை அளித்தார்; அத்துடன் மேற்பார்வையில் கால எல்லைக்குட்பட்டு எழுதிய கட்டுரையும் சேர்க்கப்பட்டது. தகுதி, சிறப்புத் தகுதி, மேலும் பயிற்சி தேவை என முடிவுகள் வகுக்கப்பட்டன. பயிற்சி தேவைப்பட்டவர், தம் மேல்நிலைப் பாடங்களுடன் துணைப்பயிற்சி ஒன்றனையும் மேற்கொண்டார். இங்குத் தோல்வி என்னும் முடிவு, கற்பித்தல் என்னும் முடிவாக மாறியது.

இரண்டாவது மாற்று எழுத்துச் செறிவுப் பாடம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகம் 1987-இல் இம்முறையைத் தொடங்கியது. பட்டம் பெறுவதற்குள் மாணவர் இத்தகைய ஐந்து பாடங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4,000 சொற்கள் எழுத வேண்டும். ஆசிரியர் எழுத்தைப் பற்றிக் கருத்துரைக்க வேண்டும். வகுப்பில் மாணவர் எண்ணிக்கை 20 அளவில் நிற்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2001-இல் சேர்ந்த மாணவர் முதலாக, எழுத்தும் பேச்சும் செறிந்த நான்கு பாடங்களைக் கட்டாயமாக்கியது. அவற்றுள் இரண்டு மாணவரின் முதன்மைத் துறையைச் சார்ந்தவை. இயற்பியல் மாணவருக்கு இயற்பியல் எழுத்தைக் கற்பிக்கும் பொறுப்பு இயற்பியல் துறைக்கே உரியதாயிற்று.

தேர்வு நடத்திய நிறுவனங்களும் காலப்போக்கில் இத்திசையில் நகர்ந்தன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பழைய எழுத்துத் தேர்வின் குறைகளைக் களைய மூன்று மணி நேரத் திறன் தேர்வு ஒன்றனை வகுத்தது. முன்கூட்டியே வழங்கப்பட்ட உரைப்பகுதியைப் படித்து வந்து எழுதுவதும், புள்ளிவிவரப் படங்களை உரையுடன் இணைத்து விளக்குவதும் அதில் இடம்பெற்றன. ஏற்புடைமையில் இது தெளிவான முன்னேற்றம். எனினும், எழுதியவருள் மிகப் பெரும்பாலோர் தேர்ச்சி பெற்றதால், செலவுக்கேற்ற பயன் உண்டா என்ற வினா எழுந்தது. 2010-இல் அறங்காவலர் குழு அத்தேர்வை நிறுத்தியது. புளோரிடாவும் ஜார்ஜியாவும் ஏறத்தாழ அதே காலத்தில் தம் தேர்வுகளைக் கைவிட்டன. கலிபோர்னியாவில் சில வளாகங்கள் முன்பே பாடவழிக்கு மாறியிருந்தன. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் நேரடித் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. பின்னர்ப் பல வளாகங்கள் தேர்வுக்குத் திரும்பாமல் மேல்நிலை எழுத்துப் பாடத்தையே வழியாகக் கொண்டன. 1976-ஆம் ஆண்டின் நிபந்தனை மட்டும் நீக்கப்படவில்லை.

தேர்வு ஆற்றிய பணியும் புதிய சூழலும்

தேர்வுகள் தீமையை மட்டுமே விளைத்தன என்று கூறுதல் பொருந்தாது. பல துறை ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி மாணவரின் எழுத்தைப் படித்து, நல்ல எழுத்து எது என விவாதித்தது இத்தேர்வுகளால் நேர்ந்த நன்மை. தத்தம் வகுப்பறையில் தனித்தே மதிப்பெண் வழங்கிவந்த ஆசிரியருக்கு அது பொதுத்தரம் பற்றிய உரையாடலாக அமைந்தது. தொகுப்பேட்டு முறையை வடிவமைத்தோர் இந்தக் கூட்டு வாசிப்பைக் கைவிடாமல் எடுத்துக்கொண்டது கருதத்தக்கது. எழுத்துப் பாடங்களுக்கு நிதியும் ஆசிரியப் பணியிடங்களும் கோருவதற்கும் பட்டத்திற்கான நிபந்தனை பல வளாகங்களில் வலுவான காரணமாயிற்று.

தேர்வு மற்றொன்றனையும் உறுதி செய்தது. கட்டுரையை எழுதியவர் அந்த மாணவரே என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின், வீட்டில் எழுதப்பெறும் கட்டுரைகளைப் பற்றி இவ்வுறுதி தளர்ந்துள்ளது. மேற்பார்வையில் எழுதும் தேர்வுகளை மீண்டும் கொணர வேண்டும் என்னும் குரல்கள் எழுவதற்கு இதுவே காரணம். இக்கோரிக்கையில் இரு வினாக்கள் கலந்துள்ளன. எழுதியவர் யார் என்பது ஒன்று. எழுதியது எத்தரத்தது என்பது மற்றொன்று. மேற்பார்வையிலான எழுத்து முதல் வினாவுக்கு விடையளிக்கும். இரண்டாம் வினாவுக்கு அது மட்டுமே விடையாகாது என்பதை முந்தைய அரை நூற்றாண்டு காட்டியுள்ளது. பாடக் கட்டுரைகளையும் மேற்பார்வையில் எழுதியதையும் ஒருசேர நோக்கிய வாஷிங்டன் முறை, இன்றைய சிக்கல் தோன்றுவதற்கு முன்பே அதற்குரிய வழியொன்றைக் கொண்டிருந்தது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• எழுத்துத்திறன் தேர்வு, சேர்க்கை விரிவடைந்த காலத்தில் பல்கலைக்கழகம் தன் பாட மதிப்பெண்கள்மீது கொண்ட ஐயத்திலிருந்து பிறந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கும் சுமை மாணவர்மீது வைக்கப்பட்டது.

• முழுமைநோக்கு மதிப்பீடு நம்பகத்தை உயர்த்தியது. எனினும், ஒற்றைத் தலைப்பு, ஒற்றை வரைவு, குறுகிய நேரம் ஆகியவற்றால் ஏற்புடைமைக் குறை நீடித்தது. எல்லைக்கோட்டில் நின்றவருக்கும் இரண்டாம் மொழியில் எழுதியவருக்கும் இக்குறையின் விளைவு மிகுதியாக இருந்தது.

• தோல்விக்குப் பின் மீண்டும் தேர்வு என்பதைவிட, தோல்விக்குப் பின் பயிற்சி என்பதே நிபந்தனையின் நோக்கத்தை நிறைவு செய்தது.

• எழுத்து ஆங்கிலத் துறையின் தனிப்பொறுப்பு என்னும் நிலை மாறி, ஒவ்வொரு துறையும் தன் மாணவருக்குத் தன் எழுத்தைக் கற்பிக்க முற்பட்ட இடங்களில் தனித்தேர்வுக்கான தேவை குறைந்தது.

எழுத்துத்திறனைப் பட்டத்தின் நிபந்தனையாக்க எண்ணும் எந்த நிறுவனமும், மாணவரிடம் எதிர்பார்க்கும் எழுத்தைத் தன் பாடங்களில் எங்கே, எத்தனை முறை, எத்தகைய வழிகாட்டலுடன் எழுதச் செய்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும். அக்கணக்கு நிறைவாக இருக்குமாயின் தேர்வு அதனைச் சரிபார்க்கும் கருவியாகும். குறைவாக இருக்குமாயின், நிறுவனத்தின் குறை மாணவரின் தோல்வியாகப் பதிவு பெறும்.